கணக்கில் சென்டம்... எம்-ஒன்னில் அரியர்!

பொறியியல் படிப்பில் முதல் அடி எங்கே விழுகிறது? எழுந்திருக்க எது உதவுகிறது?

பொறியியல் கல்லூரி விடுதிகளில் ஆண்டுக்கு இரண்டு இரவுகள் யாரும் தூங்குவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் ரிசல்ட் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியதும் சர்வர் திணற ஆரம்பிக்கும். பதிவு எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துக் காத்திருக்கும் மாணவனின் கண், பக்கம் திறந்ததும் ஓ, ஏ பிளஸ் என்று நல்ல கிரேடுகளைத் தேடாது. எங்கேயாவது ‘யு’ இருக்கிறதா என்றுதான் ஓடும். ஒரு தாளில் 50 மதிப்பெண் தேறாவிட்டால் அதற்கு நேரே விழும் எழுத்து அது.

மூன்றாமாண்டு மாணவர்கள் இதைச் சிரித்தே கடந்துவிடுவார்கள். “எத்தனை மச்சான்?” “ரெண்டுதான்டா” என்பதோடு பேச்சு டீக்கடைப் பக்கம் திரும்பிவிடும். முதலாமாண்டு விடுதியில் அப்படி இருக்காது. அங்கே இருப்பவர்களில் பலர் அதுவரை எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. பள்ளி வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில் படம் வந்தவர்கள். பிளஸ் டூ கணக்கில் 95, 98, சிலர் சென்டமே. அதே கணக்குதான் காலை வாருகிறது. 2021 பாடத்திட்டத்தில் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ என்று பெயர் இருந்தாலும், சீனியர் வாயில் அது இன்னமும் எம்-ஒன்தான்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு தீர்ப்புகளில் ஒன்று எழுதப்படும். ‘பேப்பர் கரெக்‌ஷன் சரியில்லை’ என்பது ஒன்று. ‘நமக்கு இன்ஜினீயரிங் செட் ஆகாது’ என்பது மற்றொன்று. முதலாவதில் சில சமயம் உண்மை இருக்கிறது. மறுமதிப்பீட்டில் தேறியவர்கள் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்தானது. பதினெட்டு வயதில், நான்கே மாதப் படிப்பை வைத்து, ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் ஆயுள் தீர்ப்பு அது.

‘உன் மனப்பான்மையை மாற்று’ என்று இந்த மாணவரிடம் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த அறிவுரையில் பெரிய நம்பிக்கை இல்லை. படிக்கும் விதத்தையும், கூட உட்கார்ந்து படிக்கும் ஆட்களையும் மாற்றினால் மனம் பின்னாலேயே வந்துவிடுகிறது. மனத்தை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் படிப்போம் என்று காத்திருந்தவர்கள்தான் எட்டாவது செமஸ்டரிலும் எம்-ஒன்னுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

பள்ளியில் படித்தது என்ன?

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இல்லாமல் போனது 2007-08 கல்வியாண்டிலிருந்து. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப்தான் எல்லாம். நுழைவுத்தேர்வை எடுத்தது தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சென்னைக்கும் கோவைக்கும் வந்து கோச்சிங் போக வசதியில்லாத ஊர்களுக்குக் கதவு திறந்தது அதனால்தான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே கணக்கு என்றானதும், அந்த மதிப்பெண்ணை மட்டும் தயாரிக்கும் பள்ளிகள் பெருகின.

அந்தப் பள்ளிகளின் நடைமுறை எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் நடத்துவார்கள். காலை ஸ்டடி, இரவு ஸ்டடி, நடுவில் ஸ்லிப் டெஸ்ட். புத்தகத்தின் பின்பக்கக் கணக்குகளை விடையோடு கையில் ஏற்றும்வரை விடமாட்டார்கள். 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இழப்பு என்னவென்றால், லிமிட்டும் வகைநுண்கணிதமும் ஆரம்பமாவது பிளஸ் ஒன் புத்தகத்தில். எம்-ஒன் பேராசிரியர் ‘இதெல்லாம் நீங்க ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க’ என்று ஒரே மூச்சில் தாண்டிப்போகும் இடமும் அதுதான்.

ஆக, சென்டம் வாங்கிய மாணவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். தெரிந்த கணக்கை வேகமாகப் போடத் தெரிந்தவர். பார்க்காத கணக்கு முன்னால் வந்தால் பத்து நிமிடம் விழித்துக்கொண்டு உட்காரும் பழக்கம் அவருக்கு இல்லை. அப்படி உட்கார யாரும் அவரை விட்டதும் இல்லை. கணக்கு வரவில்லை என்றால் விடையைப் பார், மனப்பாடம் செய், அடுத்ததுக்குப் போ. பொறியாளர் வேலையின் முக்கால்வாசி, விடை எங்கே என்று தெரியாமல் விழிக்கும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. அதைப் பழகாமலேயே நான்காண்டுப் படிப்புக்குள் நுழைகிறார்கள்.

படித்த மாதிரி இருக்கும்

கல்லூரியில் பழைய பழக்கம் புது வேஷம் கட்டிக்கொள்ளும். பெயர் மெட்டீரியல். ‘முக்கியமான கேள்விகள்’ என்று சீனியரிடமிருந்து வரும் பிடிஎஃப், ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட டூ மார்க்ஸ் தொகுப்பு, பரீட்சைக்கு முந்தைய நாள் யூடியூபில் இரட்டை வேகத்தில் ஓடும் பாடம். மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டு நான்கு முறை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

அந்த ‘மாதிரி’யை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு அதை ஒரு தடவை படித்துவிட்டு மூடி வைத்து, நினைவிலிருந்து மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 61 சதவிகிதம் நினைவில் வைத்திருந்தார்கள். படித்துக்கொண்டே இருந்தவர்கள் சுமார் 40 சதவிகிதம். இதில் சுவாரசியம், நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது நான்கு தடவை படித்த கூட்டம்தான்.

முதல் இன்டர்னலில் தேறி செமஸ்டரில் விழும் மர்மம் இதில் பாதி அவிழ்ந்துவிடும். இன்டர்னல் பாடம் முடிந்த சூட்டில் வருகிறது. செமஸ்டர் தேர்வு மாதக்கணக்கில் தள்ளி வருகிறது. மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்ப்பது கசப்பான வேலை. ஒன்றும் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே காட்டிவிடும். அந்தக் கசப்பைத் தவிர்க்கத்தான் திரும்பவும் ஹைலைட்டரை எடுக்கிறோம். ‘தெரியவில்லை’ என்பதைப் பரீட்சை ஹாலில் தெரிந்துகொள்வதைவிட, பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னால் விடுதி அறையில் தெரிந்துகொள்வது மலிவு. மனப்பான்மை மாற்றம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், இந்த ஒன்றை நான் ஒப்புக்கொள்வேன்: தெரியாததைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது.

தனியாகப் படித்தவர்களின் கதை

1970-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற இளைஞர் கணித ஆராய்ச்சி மாணவராக இருந்தார். முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றுக்கொண்டிருந்தார்கள்; சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். காரணம் என்ன என்று பேராசிரியர்களிடம் கேட்டார். நம் ஊர் ஸ்டாஃப் ரூமில் கேட்டால் என்ன வருமோ அதுவேதான் வந்தது: ஊக்கம் இல்லை, அடித்தளம் சரியில்லை, வீட்டில் படிப்புச் சூழல் இல்லை, வறுமை.

ட்ரைஸ்மன் அதோடு நிற்கவில்லை. இரு தரப்பிலும் 20 பேரைத் தேர்ந்து, அவர்கள் எங்கே, எப்படி, யாரோடு படிக்கிறார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன ஒரு காரணமும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களுக்கு ஊக்கத்துக்குக் குறைவே இல்லை. பலர் அவரவர் பள்ளியில் முதலிடம் பிடித்தவர்கள். குடும்பங்கள் அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பப் பட்டபாடு சொல்லி மாளாது. ஆனால் அவர்கள் தனியாகப் படித்தார்கள். படிப்பு வேறு, நண்பர்கள் வேறு என்று சுவர் வைத்திருந்தார்கள். பள்ளியில் அந்தக் கட்டுப்பாடுதான் அவர்களை முன்னேற்றியிருந்தது. சீன மாணவர்களும் தனியாகப் படித்தார்கள். ஆனால் மாலையில் கூடினார்கள். ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார். யாருக்கும் வராத கணக்கு என்றால் அது கடினமான கணக்கு என்று தெரிந்துபோனது. தனியாக உட்கார்ந்திருந்தவருக்கோ, வராத ஒவ்வொரு கணக்கும் தன் மூளையின் குறையாகத் தோன்றியது.

பிறகு ட்ரைஸ்மன் செய்ததுதான் முக்கியம். தோற்கிறவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று அவர் எதையும் ஆரம்பிக்கவில்லை. கெட்டிக்காரர்களுக்கான பயிலரங்கம் என்று பெயர் வைத்தார். பாடப்புத்தகத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூட்டமாக உட்கார்ந்து போராட விட்டார். அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் ஏறியது. பின்னர் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டன.

நம் கல்லூரிகளில் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரியர் வைத்தவர்களுக்கு ‘ஸ்லோ லேர்னர்ஸ்’ என்று ஒரு பட்டியல். மாலை நான்கு மணிக்கு அவர்களை மட்டும் வகுப்பில் உட்கார வைத்து, அதே டூ மார்க்ஸை ஐந்து தடவை எழுதச் சொல்வது. பெயர் கோச்சிங் கிளாஸ். பட்டியலில் பெயர் வந்த அன்றே பாதி ஆள் தோற்றுவிடுகிறான்.

‘எனக்கு டிராயிங் வராது’

எம்-ஒன்னுக்கு அடுத்தபடி முதலாண்டின் பெரிய பயம் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ். மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கேம்பஸில் நடப்பதில் ஒரு வாரம் பெருமை இருக்கும். சாய்ந்து நிற்கும் ஒரு கூம்பைக் கத்தியால் வெட்டினால் வெட்டுமுகம் எப்படி இருக்கும் என்று ஆசிரியர் பலகையில் கோடு இழுக்க ஆரம்பித்ததும் பெருமை வடிந்துவிடும். பார்த்த மாத்திரத்தில் சிலருக்குப் புரிகிறது, சிலருக்குச் சுத்தமாகப் புரிவதில்லை. புரியாதவர்கள், இது பிறப்பிலேயே வர வேண்டிய சமாச்சாரம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாணவிகள் பக்கம் இந்த முடிவு இன்னும் சீக்கிரம் வருகிறது.

இதே அனுபவம் ஷெரில் சார்பி என்ற அமெரிக்க மாணவிக்கும் நேர்ந்தது. பள்ளியில் எல்லாப் பாடத்திலும் முதல் தரம் வாங்கியவர், பொறியியல் முதலாண்டில் கிராஃபிக்ஸில் திணறினார். பின்னாளில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தையே நடத்த வந்தார். 1993 முதல் அவர் ஒரு வேலை செய்தார். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு, ஒரு பொருளை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் திறனைச் சோதிக்கும் ஒரு தேர்வு வைத்தார். அதில் தோற்கும் விகிதம் ஆண்களைவிடப் பெண்களிடம் மூன்று மடங்கு. தோற்றவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி வகுப்பை உருவாக்கினார். சின்னச் சின்னக் கட்டைகளைச் சேர்த்து உருவம் செய்வது, அதைத் திருப்பித் திருப்பிக் கையால் வரைவது, எங்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று ஊகித்து வரைவது. கம்ப்யூட்டர் திரையைவிடப் பென்சிலுக்குத்தான் அங்கே முதலிடம். பயிற்சி எடுத்தவர்களின் கிராஃபிக்ஸ் மதிப்பெண் உயர்ந்தது. படிப்பைப் பாதியில் விட்டுப்போன பெண்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

மூன்று பரிமாணத்தைப் பார்க்கும் கண் பழக்கத்தில் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதற்கு மிச்சிகன் போக வேண்டாம். ஐந்து ரூபாய் சோப்புக் கட்டியைக் கூம்பாகச் செதுக்கி, சாய்வாக வெட்டி, வெட்டுமுகத்தைத் தாளில் ஒற்றி எடுத்துப் பாருங்கள். நீள்வட்டம் வரும். கூம்பின் பக்கச் சாய்வுக்கு இணையாக வெட்டினால் பரவளையம். பலகையில் ஒரு மணி நேரம் புரியாதது கத்தி முனையில் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

மைக் பிடிப்பவர்கள் சொல்லாதது

கல்லூரி திறந்ததும் புதியவர்களுக்கு அறிமுக நிகழ்ச்சி நடக்கும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ இதை மூன்று வாரம் நடத்த மாதிரித் திட்டமே போட்டுக் கொடுத்திருக்கிறது. பாடத்தைத் தொடுமுன் மாணவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டும், கலை, விளையாட்டு என்று பழக வேண்டும் என்பது நோக்கம். பல இடங்களில் அது சுருங்கி, சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஒருவர் மைக் பிடிக்கும் இரண்டு மணி நேரமாக முடிகிறது. ‘உன்னால் முடியும்’ என்று எழுபது தடவை சொல்வார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். மறுநாள் மேட்ரிக்ஸ் வகுப்பில் ஐகன் வேல்யூ வரும்போது அந்தக் கைதட்டலில் ஒரு துளி மிச்சமிருக்காது.

பேச்சாளர்கள் அடிக்கடி இழுக்கும் பெயர், ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் கரோல் ட்வெக். திறமை பிறப்பில் முடிந்துபோவது என்று நம்புகிறவர்கள் தோல்வியில் ஒடுங்கிவிடுகிறார்கள். திறமை வளரும் என்று நம்புகிறவர்கள் மறுபடி முயல்கிறார்கள் என்பது அவர் கருத்து. 2006-ல் வந்த அவரது ‘மைண்ட்செட்’ புத்தகம் உலகம் முழுக்க விற்றது. பேச்சாளர்கள் சொல்லாமல் விடுவது அதற்குப் பிறகு நடந்ததை. டேவிட் யேகர் தலைமையில் ட்வெக்கும் சேர்ந்து, சுமார் 12,000 அமெரிக்க ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு 2019-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பாடத்தில் ‘மூளை வளரும்’ என்று கற்பித்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி ஏறியது. எவ்வளவு? நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி. அதுவும், கடினமான வேலையை எடுத்துச் செய்வதைக் கூடப் படிக்கிறவர்கள் மதிக்கும் பள்ளிகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

நம்பிக்கை பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு மணி நேரத்தில் 0.1 என்பது செலவில்லாத லாபம்தான். ஆனால் சுற்றியிருப்பவர்கள் ‘என்னடா பெரிய படிப்பாளி’ என்று கிண்டல் செய்யும் வகுப்பில் தனி ஒருவரின் நம்பிக்கை எத்தனை நாள் தாங்கும்? வகுப்பில் கை தூக்கி டவுட் கேட்டால் பின் பெஞ்சிலிருந்து ‘ஓ...’ என்று சத்தம் வரும் வகுப்பு நம்மில் யாருக்குத்தான் தெரியாது? தமிழ் மீடியத்தில் படித்து வந்தவருக்கு இது இரட்டைச் சுமை. கேள்வி மனத்தில் தமிழில் இருக்கிறது, வாயில் ஆங்கிலத்தில் வர வேண்டும்.

இப்படி வருகிறவர்கள் இன்று சிறு கூட்டம் இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்காகக் கல்விக் கட்டணச் சலுகை பெறுபவர்கள் ஏராளம். 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது; கட்டணத்தை அரசே ஏற்கிறது. கதவு நன்றாகவே திறந்திருக்கிறது. உள்ளே வந்தபின் என்ன ஆகிறார்கள் என்பதில்தான் கவனம் போதவில்லை.

டென்னிஸ் உடையில் வந்த பேராசிரியர்

அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், சின்ன ஊர் என்றதும் நாம் போஸ்டரில் போடும் முகங்கள் உண்டு. பொள்ளாச்சி அருகே கோதவாடியிலிருந்து சந்திரயான்-1 திட்ட இயக்குநரான மயில்சாமி அண்ணாதுரை. செங்கோட்டையிலிருந்து ஆதித்யா எல்-1 வரை போன நிகர் ஷாஜி. விழுப்புரத்தில் ரயில்வே டெக்னீஷியனின் மகனாகப் பிறந்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, அதன்பின் பி.இ. படித்து, 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3-ஐ வழிநடத்திய ப.வீரமுத்துவேல். பெருமைப்பட வேண்டியவர்கள்தான். ஆனால் போஸ்டரில் ஆரம்பமும் முடிவும் மட்டுமே தெரிகின்றன. நடுவில் அவர்கள் கல்லூரியில் கழித்த வருடங்கள் தெரிவதில்லை.

அந்த நடுப்பகுதியைக் கொஞ்சம் திறந்து காட்டியவர் அப்துல் கலாம். குரோம்பேட்டை எம்ஐடியில் மாணவராக இருந்தபோது, தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்கும் நான்கு சக மாணவர்களுக்கும் தரப்பட்டது. கலாமின் பங்கு நத்தை வேகத்தில் போனது. பேராசிரியர் சீனிவாசன் பார்த்துவிட்டு, மூன்று நாளில் முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிடுவேன் என்றார். கலாம் சாப்பாட்டை மறந்து வரைபலகையே கதியென்று கிடந்தார், முடித்தார். ‘அக்னிச் சிறகுகள்’ படித்த எல்லோருக்கும் தெரிந்த கதை. மேடைகளில் இதை ‘கெடு வைத்தால் சாதிக்கலாம்’ என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. ஞாயிற்றுக்கிழமை அறையில் யாரோ நிற்பது போலிருக்க, கலாம் திரும்பிப் பார்க்கிறார். கிளப்பில் டென்னிஸ் ஆடிவிட்டு, உடையைக்கூட மாற்றாமல் சீனிவாசன் வந்து நிற்கிறார், வேலை எவ்வளவு தூரம் ஆகியிருக்கிறது என்று பார்க்க. மிரட்டிய ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மிரட்டிவிட்டு விடுமுறை நாளில் வந்து எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? மாணவன் மாறினான் என்று எழுதும்போது, அந்த மாற்றத்தைக் கவனித்துக்கொண்டு நின்ற ஆள் யார் என்பதையும் எழுத வேண்டும்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பல தனியார் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியருக்குச் சம்பளம் சொற்பம். அட்மிஷன் சீசனில் ஊர் ஊராக மாணவர் சேர்க்க அனுப்புகிறார்கள். அங்கீகாரக் குழு வருகிறது என்றால் ஃபைல் தயாரித்தே வாரங்கள் ஓடிவிடும். அவரிடம் போய் ‘ஞாயிற்றுக்கிழமை வந்து எட்டிப் பாருங்கள்’ என்று எந்த முகத்தோடு கேட்பது?

வாங்கிய புராஜெக்ட்

வேலையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் பெற்றோர்கள் மன்னிக்க மாட்டார்கள். பெருவாரியாக ஆள் எடுக்கும் ஐ.டி. நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவிகிதம், கையில் நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்பது. எழுதித் தேறிய பழைய அரியரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ இருந்தாலே சேர்க்காத நிறுவனங்களும் உண்டு. ஆகவே ‘அரியர் எல்லாம் ஒரு மேட்டரா’ என்று தோள் தட்டும் சீனியரை நம்ப வேண்டாம். விலை இருக்கிறது. வாழ்க்கையே விலை என்பதுதான் பொய்.

2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி, கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தபோது, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு நன்றி சொல்லி மாணவர்கள் பேனர் வைத்தார்கள். ஏஐசிடிஇ எதிர்த்தது, விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. எவ்வளவு பெரிய கூட்டம் இந்தச் சுமையோடு நடமாடுகிறது என்பதை அந்த பேனர்கள் ஊருக்குக் காட்டின.

நேர்காணலில் அரியரைவிடப் பலரைக் கவிழ்ப்பது இறுதியாண்டு புராஜெக்ட். பணம் கொடுத்தால் தலைப்பு, புரோகிராம் கோடு, ரிப்போர்ட், வைவாவுக்கான கேள்வி பதில்வரை கட்டிக் கொடுக்கும் புராஜெக்ட் சென்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ‘இந்த ரெசிஸ்டரை ஏன் இங்கே போட்டாய்?’ என்ற ஒரு கேள்வியில் அந்த மாளிகை சரியும். கோவையில் ஜி.டி.நாயுடு 1945-ல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். நான்கு வருடப் படிப்பு நேர விரயம், கையால் செய்து குறுகிய காலத்தில் கற்கலாம் என்பது அவர் வாதம். அரசு ஒப்பவில்லை, அவர் விலகினார். நான்கு வருடமே வேண்டாம் என்ற அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் சுமாராக ஓடும் ஒரு சின்னக் கருவியைத் தானே செய்து, அது மூன்று முறை ஏன் புகைந்தது என்று விளக்கத் தெரிந்த மாணவருக்கு, வாங்கிய புராஜெக்ட்டோடு வருபவரைவிட நேர்காணலில் பேச நிறைய இருக்கும்.

2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பொறியியல் மாணவர்களுக்குத் தொழில் நிறுவனங்களின் திறன் பயிற்சிகள் பாடத்தோடு சேர்ந்தே கிடைக்கின்றன. அதையும் சான்றிதழுக்காக மட்டும் கிளிக் செய்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தடுக்க எந்த அரசாணையாலும் முடியாது.

வீட்டுக்கு ஒரு வார்த்தை. ரிசல்ட் வந்த வாரம் ‘எத்தனை அரியர்?’ என்று மாமாவும் சித்தப்பாவும் போன் போட்டுக் கேட்பதை நிறுத்திவைக்கலாம். ‘எந்தக் கேள்வியில் மாட்டிக்கிட்டே?’ என்று கேளுங்கள். பதில் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை சாப்பாட்டைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, போனை எடுக்காமல் இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். மனநல உதவிக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்பதற்குத்தான் அதிகம் இருக்கிறது. சேர்ந்து படி என்று மாணவர்களிடம் சொல்வது சுலபம். எங்கே படிப்பது? மாலை நாலேகாலுக்குக் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகக் கிளம்பிவிடுகின்றன. ஐந்து மணிக்கு லேப் பூட்டப்படுகிறது. மாணவிகள் ஆறு மணிக்குள் விடுதிக்குள் இருக்க வேண்டும். சில கல்லூரிகளில் மாணவனும் மாணவியும் பேசினாலே ஐ.டி. கார்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், பேருந்தில் ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நாளை ஒரே டீமில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறவர்களை ஒரு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட விடாத இடத்துக்குப் பெயர் கல்லூரி!

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு பேச்சாளரை அழைக்க ஒதுக்கும் பணத்தை இப்படிச் செலவழித்துப் பாருங்கள். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை இரண்டு வகுப்பறைகளைத் திறந்து வையுங்கள். முதலாண்டில் எம்-ஒன்னில் அரியர் வைத்து, பிறகு எழுதித் தேறிய மூன்றாமாண்டு மாணவர்கள் நான்கு பேரை அங்கே இருக்கச் சொல்லி, அவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். புத்தகத்தில் இல்லாத கணக்குகளைக் கணிதத் துறை வாரம் ஒருமுறை எடுத்துத் தரட்டும். ஸ்லோ லேர்னர்ஸ் பட்டியல் வேண்டாம். யார் வேண்டுமானாலும் வரலாம். மாணவிகளுக்கும் அதே நேரம்வரை அனுமதி கொடுங்கள். ஏழேகாலுக்கு ஒரு பேருந்து புறப்படட்டும். இரண்டு செமஸ்டர் நடத்திவிட்டு, எம்-ஒன் தேர்ச்சி விகிதத்தை முந்தைய ஆண்டின் எண்ணோடு சேர்த்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.